ஏழாவது கண்சிமிட்டல்

மன்னார்குடி ரேடியோக்காரர் சிகாகோ போய் இறங்கியபோது மே மாதம். மகன் வீடு நகரத்துக்கு மேற்கே ஒரு புறநகரில். அரோரா பாலாஜி கோயிலிலிருந்து காரில் கால் மணி நேரம். முதல் வாரம் ஊர் சுற்றிக் காட்டினார்கள். இரண்டாவது வாரம் கோயில், நண்பர்கள் வீடு. மூன்றாவது வாரம் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, அவர் சோபாவில் உட்கார்ந்து ஃப்ரிட்ஜ் எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடி நிற்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

ரேடியோக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். பந்தலடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். வால்வு ரேடியோவில் தொடங்கி, டிரான்சிஸ்டர், டேப் ரெக்கார்டர், கறுப்பு வெள்ளை டி.வி., கலர் டி.வி. என்று காலம் எதைக் கொண்டுவந்து மேஜையில் போட்டதோ அதையெல்லாம் திறந்து பார்த்தவர். கடைசிக் காலத்தில் சோறு போட்டது வோல்டேஜ் ஸ்டெபிலைசர். சாயங்காலம் ஆனால் லைன் 170 வோல்ட்டுக்கு இறங்கிவிடும் ஊரில் ஸ்டெபிலைசர் மெக்கானிக்குக்குக் குறைவான மரியாதை இருக்காது. அப்புறம் லைனும் தேறியது, டி.வி.க்குள்ளேயே எல்லாம் வந்துவிட்டது. கெட்டுப்போனால் போர்டையே மாற்று என்றார்கள். கண்ணில் புரை, கையில் லேசான நடுக்கம். கடையை மூடினார். பிறகு யாரும் அவரிடம் எதையும் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

இருந்தாலும் அமெரிக்கா கிளம்பும்போது பெட்டியில் வேட்டிக்கு நடுவே ஒரு 25 வாட் சால்டரிங் அயர்னைச் சுற்றி வைத்திருந்தார். பேரனுக்கு ஒரு எஃப்.எம். ரேடியோ செய்து காட்டலாம் என்று. வந்த மறுநாளே அதை ஒரு மாற்று பிளக்கில் செருகினார். பத்து நிமிஷம் ஆகியும் ஈயம் உருகவில்லை. அங்கே வீட்டுக் கரண்ட் 120 வோல்ட்; நம் ஊர் அயர்ன் 230 வோல்ட்டுக்குச் செய்தது. வோல்டேஜ் பாதியானால் சூடு பாதியாகாது, கால்வாசிக்குப் பக்கத்தில் போய்விடும். 25 வாட் அயர்ன் ஏழு வாட் அயர்னாகிவிட்டது. அவருக்கு இது தெரியாத கணக்கு இல்லை. மறந்துபோயிருந்தார். அது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அயர்னை மறுபடி வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

ஜூன் முதல் சனிக்கிழமை பக்கத்து வீட்டில் கராஜ் சேல். அங்கே வீடு மாறுகிறவர்கள் வேண்டாத சாமானையெல்லாம் கார் ஷெட்டில் பரப்பி விற்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் எழுபத்தைந்துக்கு மேல். மனைவி இறந்து இரண்டு வருடம். வீட்டை விற்றுவிட்டு முதியோர் குடியிருப்புக்குப் போகிறார். மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். பீங்கான் தட்டு, ஏணி, புல் வெட்டும் மெஷின் எல்லாம் போணியாகிக்கொண்டிருந்தன. மூலையில் மட்டும் ஒரு பெரிய பெட்டி, நான்கு இரும்புக் கால்களில் நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் ஓர் அட்டை. பேரன் படித்துச் சொன்னான்: "வேலை செய்யாது, சும்மா எடுத்துக்கலாம்னு எழுதியிருக்கு தாத்தா."

அது ஒரு பின்பால் மெஷின். மகனுக்கு அதைக் கம்ப்யூட்டரில் தெரியும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஆபீசில் மேனேஜர் தலை மறைந்தால் எல்லோரும் ஆடிய விளையாட்டு. ரேடியோக்காரருக்கோ அதைப் பார்த்ததும் வேறொன்று ஞாபகம் வந்தது. பொம்மைக் கடைகளில் விற்பார்களே, பலகையில் ஆணி அடித்து, ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் குண்டு ஓடி ஓடி எண் எழுதிய குழியில் விழும் பேகடெல். நினைத்தது சரிதான். பேகடெல்தான் பின்பாலுக்குப் பாட்டி. அதையே கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டியாக்கி, காட்லீப் என்பவர் 1931-ல் சிகாகோவில் 'பேஃபிள் பால்' என்று விற்றார். வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் ஒரு சில்லறைக் காசுக்குப் பொழுது போனதால் பிய்த்துக்கொண்டு ஓடியது. குண்டைத் திருப்பி அடிக்கும் இரண்டு கைகள், ஃபிளிப்பர் என்பார்கள், அவை 1947-ல்தான் வந்தன. அதற்கு முன் குண்டை விட்டுவிட்டு மெஷினை இடித்துக் குலுக்குவதைத் தவிர ஆடுகிறவர் செய்யப் பெரிதாக ஒன்றும் இல்லை. இது ஆட்டமா சூதாட்டமா என்று கேட்டு நியூயார்க் நகரம் 1942-ல் தடை போட்டது. மேயர் லா கார்டியா காலத்தில் மெஷின்களைச் சம்மட்டியால் உடைத்துப் போட்டார்கள். 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகரசபையினர் முன்னால் மெஷினை ஆடி, குண்டு எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அப்படியே அடித்துக் காட்டிய பிறகுதான் தடை நீங்கியது.

இவ்வளவுக்கும் ஊற்று சிகாகோ. காட்லீப், பாலி, வில்லியம்ஸ் என்று பெரிய கம்பெனிகள் எல்லாம் அங்கேதான். சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி சிகாகோவுக்குப் பின்பால். பக்கத்து வீட்டு மெஷினும் 1980 வாக்கில் அந்த ஊரில் செய்ததுதான்.

"என்ன சார் ப்ராப்ளம்?" என்று கேட்டார் ரேடியோக்காரர். கடைக்கு வந்த யாரையும் சார் என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம்.

பக்கத்து வீட்டுக்காரர் பிளக்கைச் செருகிக் காட்டினார். பெட்டிக்குள் குட்டி பல்புகள் மஞ்சளாக எரிந்தன. அவ்வளவுதான். எண்கள் வரவில்லை, சத்தம் இல்லை. மில்வாக்கியில் இருக்கும் மகள், ஓடுகிறதென்றால் எடுத்துக்கொள்கிறேன், ஓடாத பெட்டிக்கு என் வீட்டில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டாளாம். நூறு கிலோவுக்கு மேல் எடை. யாரும் எடுக்காவிட்டால் குப்பை லாரிக்குப் பணம் கட்டி ஏற்ற வேண்டியதுதான்.

ரேடியோக்காரர் பேரனைப் பார்த்தார். பேரன் மகனைப் பார்த்தான்.

"அப்பா, வேணாம்ப்பா. இதுக்குப் புது பவர் சப்ளை போர்டே செஞ்சு விக்கிறாங்க. ஆர்டர் பண்ணி மாட்டிட்டா முடிஞ்சுது."

"எதனால போச்சுன்னு தெரியாம புதுசு மாட்டினா, புதுசும் போகும்டா."

மருமகளுக்கு வேறு கவலை. "மாமா, கரண்ட் சமாச்சாரம். இங்க ஆஸ்பத்திரி செலவு தெரியும்ல? உங்க இன்சூரன்ஸ்ல இதெல்லாம் வருமான்னுகூட தெரியலை." அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பெட்டிக்குள் 190 வோல்ட் டி.சி. ஓடும் இடம் ஒன்று உண்டு.

மகன் அன்று சாயங்காலமே ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு மல்டிமீட்டரும், 120 வோல்ட்டில் சுடும் அயர்னும் வாங்கி வந்தான். வேண்டாம் என்று சொன்னவனும் அவன்தான்.

பின்பால் மெஷினின் பின்பக்கம் எழும்பி நிற்கும் படப்பெட்டிக்குள்தான் மூளை. படக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரேடியோக்காரர் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கீழே டிரான்ஸ்ஃபார்மர். அதன் மேலேயே ஒரு போர்டு, பிரிட்ஜும் ஃபியூஸ்களும். மேலே இன்னொரு போர்டு, அதில் டீ டம்ளர் அளவுக்கு ஒரு கண்டென்சர். அப்பால் மூளை போர்டு. இடையில் நூறு நிறத்தில் ஒயர்கள், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல், ஜடை போட்டது மாதிரி ஒழுங்காகக் கட்டப்பட்டு.

"யாரோ நல்லா வேலை தெரிஞ்சவங்க கட்டியிருக்காங்க" என்றார்.

பேரன் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். அவர் மனைவி எழுபதுகளில் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவராம். ஒயர் கட்டும் பிரிவு. பெரிய பலகையில் ஆணிகள் அடித்து, அதில் ஒவ்வொரு ஒயரையும் நிறம் பார்த்து வளைத்துப் போட்டு, கட்டி எடுக்க வேண்டும். அந்தத் தொழிற்சாலைகளில் ஒயர் கட்டுவதும் ஈயம் பற்றவைப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். ஒரு மெஷினுக்குள் அரை மைல் நீள ஒயர் இருக்கும் என்று அந்தத் தொழிலில் சொல்வார்கள். ஒன்று இடம் மாறினாலும் இடது ஃபிளிப்பரை அமுக்கினால் மணி அடிக்கும்.

"அப்போ இது அவங்க கட்டினதா?"

சொல்ல முடியாது என்றார் அவர். வரிசையில் பல பேர் இருந்தார்கள். இந்த மெஷின் பிறகு ஒரு மதுக்கடையில் பல வருடம் ஓடி, அவர்கள் தூக்கிப் போட்டபோது வாங்கியது. ஆனால் மனைவி ஒவ்வொரு முறை கண்ணாடியைத் திறக்கும்போதும் ஒயரைத் தடவிப் பார்த்து, இது என்னுடைய முடிச்சு மாதிரிதான் இருக்கிறது என்பாராம்.

வேலை தொடங்கியது. சர்க்யூட் படத்தை மகன் ஐபேடில் எடுத்துக் கொடுத்தான். குறிப்புகள் எல்லாம் ஆங்கிலம். ரேடியோக்காரருக்கு அது தேவைப்படவில்லை. டயோடுக்கு அம்பும் கோடும், கண்டென்சருக்கு இரண்டு கோடும் மன்னார்குடியில் போட்டதைப் போலவே சிகாகோவிலும் போட்டிருந்தார்கள்.

சுவரிலிருந்து வரும் 120 வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் பல கிளையாகப் பிரிக்கிறது. பல்புகளுக்கு ஆறு வோல்ட் சுமார். குண்டைத் தட்டிவிடும் காயில்களுக்கு 43 வோல்ட். எண்களைக் காட்டும் ஆரஞ்சுக் கண்ணாடிகளுக்கு 190 வோல்ட்; நியான் விளக்கு மாதிரி வாயு எரிகிற டிஸ்ப்ளே அது, குறைந்த வோல்ட்டில் எரியாது. மூளைக்கு 5 வோல்ட், அதுவும் ஆடாமல் அசையாமல். ஒரே வீட்டில் ஒருவருக்கு உப்பில்லாமல், ஒருவருக்குக் காரமாக, இன்னொருவருக்குப் பத்தியமாகச் சமைப்பது போலத்தான்.

பல்பு எரிகிறது என்றால் டிரான்ஸ்ஃபார்மர் உயிரோடு இருக்கிறது. மூளை போர்டில் ஒரு சிவப்பு எல்.இ.டி. விடாமல் எரிந்துகொண்டிருந்தது. மகன் படித்துச் சொன்னான்: மெஷினைப் போட்டதும் இந்த விளக்கு லேசாகத் துடித்து, பிறகு ஏழு முறை கண்சிமிட்ட வேண்டும். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் மூளை தன் உடம்பில் ஒரு பாகத்தைச் சோதித்துப் பார்க்கிறது. ஏழும் முடிந்தால்தான் ஆட்டம். இங்கே ஒன்றுகூட இல்லை. முழித்த கண் முழித்தபடி.

"ஒரு கையைப் பின்னால கட்டிக்க" என்று பேரனிடம் சொன்னார், மீட்டரைத் தொடுமுன். "கரண்டு இருக்கிற பெட்டியில ஒரு கை போதும். ரெண்டு கையும் உள்ள போனா, ஒரு கையில நுழைஞ்சு நெஞ்சு வழியா மறு கையில வெளியே போகும்." சொல்லிவிட்டுத் தானும் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். 190 வோல்ட் கண்டென்சர் சுவிட்சை அணைத்த பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். சிலர் ஸ்க்ரூ டிரைவரை வைத்து 'டப்'பென்று வெடிக்கவிட்டு அதைக் காலி செய்வார்கள். அவருக்கு அந்த வேலை பிடிக்காது. இரண்டு முனையிலும் ஒயர் பற்றவைத்த ஒரு ரெசிஸ்டரைப் பிடித்து, மீட்டரில் முள் இல்லாவிட்டாலும் எண் இறங்கி இறங்கி பூஜ்யம் ஆகும்வரை காத்திருந்தார்.

5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் நாலே முக்கால், நாலரை என்று எண் அலைந்தது. 5 வோல்ட்டைச் செய்யும் ரெகுலேட்டர், எல்எம் 323கே என்ற இரும்புத் தொப்பி, நல்ல சூடு. பொதுவாக இந்த இடத்தில் எல்லோரும் ரெகுலேட்டரை மாற்றிவிடுவார்கள். அவர் ஒரு படி பின்னால் போனார். ரெகுலேட்டருக்கு வரும் சுமார் 12 வோல்ட் லைனில் மீட்டரை ஏ.சி.க்குத் திருப்பி வைத்தார். இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

"கண்டென்சர் காஞ்சு போச்சு" என்றார்.

பிரிட்ஜ் வழியாக வரும் கரண்ட் ஒரே சீராக வராது. விட்டு விட்டு, நொடிக்கு 120 முறை பொங்கி இறங்கும்; நம் ஊரில் 100 முறை. முனிசிபாலிட்டி தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் மாடியில் தொட்டி இருந்தால் குழாயில் சீராக ஊற்றுகிறது அல்லவா, அந்தத் தொட்டிதான் கண்டென்சர். உள்ளே ஈரம் இருக்கும்வரை வேலை செய்யும். நாற்பது வருடம் சூட்டில் இருந்து காய்ந்துவிட்டால் தொட்டி டம்ளராகிவிடும். பழைய ரேடியோவில் இப்படி ஆனால் 'ம்ம்ம்' என்று இரையும். பாட்டுக்குள் வண்டு புகுந்த மாதிரி. வாழ்நாளில் எத்தனை வண்டை அவர் எடுத்திருப்பார். இந்தப் பெட்டியில் இரைய ஸ்பீக்கருக்கு வழியில்லை. அதற்குப் பதில் மூளைக்கு நொடிக்கு 120 முறை மயக்கம்.

பழசு 11,700 மைக்ரோஃபாரட். அந்த அளவில் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை; 15,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் ஒன்றை மகன் ஆர்டர் செய்தான். மூன்று நாளில் வந்தது. புதுசு பழசில் பாதி உயரம்தான். ரேடியோக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துச் சந்தேகமாகப் பார்த்தார். ப்ளஸ், மைனஸை மூன்று முறை சரிபார்த்துவிட்டு அதைப் பற்றவைத்தார். கால்கள் தடிமன், ஓட்டைகள் பெரியவை; நடுக்கம் தெரியவில்லை.

சுவிட்சைப் போட்டார்கள். 5.02 வோல்ட். சிவப்புக் கண் துடித்தது. அப்புறம் சிமிட்டியது. பேரன் சத்தமாக எண்ணினான். ஒண்ணு, ரெண்டு, மூணு... பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து எண்ணினார், அவர் பாஷையில். ஆறு. பிறகு ஒன்றும் இல்லை.

மறுபடி போட்டார்கள். ஆறு. மறுபடி. ஆறு.

அன்று ஜூன் 17. வீட்டுச் சாவி கொடுக்க இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. "புது போர்டு நாளைக்கே வரவைக்கலாம்ப்பா" என்றான் மகன் மெதுவாக. ரேடியோக்காரர் பதில் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "ஏழாவது சிமிட்டலுக்கு என்னத்தைப் பார்க்குதாம்?" என்று மட்டும் கேட்டார்.

மகன் படித்துப் பார்த்தான். 43 வோல்ட். காயில்களுக்கான கரண்ட் வருகிறதா என்று மூளை அந்த லைனைத்தான் கடைசியாகத் தொட்டுப் பார்க்கிறது.

மறுநாள் காலையில் டிரான்ஸ்ஃபார்மர் போர்டில் மீட்டர் வைத்தால் 43 வோல்ட் ஜம்மென்று இருந்தது. அங்கிருந்து ஒரு முழம் தள்ளி, ஒயர் போய்ச் சேரும் போர்டில் பூஜ்யம். நடுவில் இருப்பது ஒரே ஒரு கனெக்டர். கழற்றிப் பார்த்தபோது அதன் பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பாகிக் கருகியிருந்தது. போர்டைத் திருப்பி, பேரனின் பள்ளிக்கூட லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒரு பின்னைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போல ஒரு வட்டம். டிரை சால்டர். பின் தன் பாட்டுக்கு நின்றது, ஈயம் தன் பாட்டுக்கு நின்றது, பார்வைக்கு இரண்டும் ஒட்டியிருப்பது போலவே இருந்தன.

இங்கே அயர்னை ஒரு தொடு தொட்டிருந்தால் ஏழாவது சிமிட்டல் வந்திருக்கும். அன்றைக்கே மெஷின் மறுபடி எரிந்தும் போயிருக்கும். அவர் தொடவில்லை. கனெக்டர் இவ்வளவு கருக வேண்டுமென்றால் ஏன் ஃபியூஸ் போகவில்லை? 43 வோல்ட் ஃபியூஸைப் பிடுங்கினார். விரலில் பளபளவென்று என்னவோ ஒட்டியது. ஃபியூஸைச் சுற்றி வெள்ளிக் காகிதம். சூயிங்கம் உறை.

ரேடியோக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மன்னார்குடியில் எத்தனை வீட்டில் ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்துவிட்டு, ஸ்டெபிலைசர் எரிந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள்! அமெரிக்காக்காரனும் இதேதானா! "பாருங்க சார்" என்று நீட்டினார்.

பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அதை வாங்கிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் ஏறும் படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினார். பேரன் துண்டு துண்டாக மொழிபெயர்த்தான். நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ். வீடு நிறைய ஆள். ஆடிக்கொண்டிருக்கும்போது ஃபியூஸ் போனது. வேறு ஃபியூஸ் இல்லை. அவர்தான் காகிதத்தைச் சுற்றினார். மனைவி பார்த்துவிட்டு, நாளைக்கு முதல் வேலையாக அதை எடுத்துவிட்டு நல்ல ஃபியூஸ் போடு என்றார். அவரும் நாளைக்கு என்றார். அடுத்த வாரமே மெஷின் நின்றுபோனது. வயதாகிவிட்டது, பழைய சாமான் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அதற்கப்புறம் மனைவி உடம்புக்கு முடியாமல் படுத்தார். மெஷினை யாரும் திறக்கவில்லை.

இதற்கு ரேடியோக்காரர் என்ன சொல்வது? இங்கிலீஷும் போதாது. எழுந்து போய் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டார். மருமகள் கொடுத்தனுப்பிய ஃபிளாஸ்கில் டீ இருந்தது. இருவரும் குடித்தார்கள்.

ஃபியூஸ் போனதற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும் அல்லவா. ஆட்டத்தளத்தைத் தூக்கி நிறுத்தினால் அடியில் காயில்கள். குண்டு மோதினால் உதைத்துத் தள்ளும் பம்பர்கள் மூன்று. மூன்றுக்கும் ஒரே மாதிரி காயில். இரண்டில் மீட்டர் ஒரே எண்ணைக் காட்டியது. மூன்றாவதில் அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. மேலே சுற்றிய காகிதம் கருகி, உள்ளே செம்புச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. அதை ஓட்டும் டிரான்சிஸ்டரும் ஷார்ட். எது முதலில் போயிருக்கும்? டிரான்சிஸ்டர்தான் என்பது அவர் கணிப்பு. அது திறந்தபடியே நின்றுவிட, ஒரு கணம் உதைத்து விட வேண்டிய காயிலில் கரண்ட் விடாமல் ஓடி, காயில் வெந்து, ஃபியூஸ் தன் கடமையைச் செய்தது. வெள்ளிக் காகிதம் வந்து அந்தக் கடமையைத் தடுத்தது. பிறகு அத்தனை சுமையும் அந்த ஒரு பின்னின் தலையில்.

அமெரிக்காவில் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் பலர் புது பவர் சப்ளை போர்டு மாட்டிக்கொள்வது உண்மைதான். அதில் தப்பும் இல்லை. சூடு குறைவு, ஆயுள் கூடுதல். ஆனால் இந்தப் பெட்டியில் அதை மாட்டியிருந்தால், சுவிட்சைப் போட்ட நிமிஷமே வெந்த காயில் மறுபடி கரண்டை இழுக்க ஆரம்பித்திருக்கும். மகன் இதைத் தானாகவே சொன்னான். அப்பா ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை.

புதுக் காயில், டிஐபி 102 டிரான்சிஸ்டர், கனெக்டர் பின்கள், 5 ஆம்ப் ஃபியூஸ் ஒரு பெட்டி. எல்லாம் வந்து சேர ஜூன் 24 ஆகிவிட்டது. பின்கள் பொடிசு, நெருக்கம். ரேடியோக்காரர் அயர்னை எடுத்தார். முனை ஆடியது. முழங்கையை மேஜையில் ஊன்றிப் பார்த்தார். மூச்சைப் பிடித்துப் பார்த்தார். ஆடியது. அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, "வாடா இங்க" என்றார்.

பேரனுக்குப் பன்னிரண்டு வயது. அதற்கு முன் அயர்னைத் தொட்டதில்லை. முதலில் கழித்துப்போட்ட பழைய ஒயர்த் துண்டுகளில் அரை மணி நேரம் பழக்கினார். "ஈயத்தை அயர்ன் மேல வைக்காதே. அயர்னால பின்னையும் போர்டையும் சுட வை. ஒண்ணு, ரெண்டு, மூணு. இப்ப ஈயத்தைப் பின்னு மேல காட்டு. பாரு, தானா ஓடுதா? சூடு பத்தலைன்னா உருண்டையா நிக்கும். அது பொய் ஒட்டு. முதல்ல ஈயத்தை எடு. அப்புறம் அயர்னை எடு. ஆறுற வரைக்கும் அசைக்காதே, ஊதாதே."

முதல் பின் உருண்டையாக நின்றது. உறிஞ்சியால் எடுத்துவிட்டு மறுபடி. இரண்டாவது, மூன்றாவது. ஏழாவது பின்னில் ஈயம் தண்ணீர் மாதிரி ஓடி, கோபுரம் போலச் சரிந்து, பளிச்சென்று நின்றது. ரோசின் புகை கார் ஷெட் முழுக்க. மருமகள் கதவைத் திறந்துகொண்டு வந்தவள், மகன் கையில் அயர்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். மாமனாரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். கார் ஷெட்டின் பெரிய கதவை மட்டும் இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டுப் போனாள்.

எல்லாவற்றையும் ஓம்ஸில் ஒருமுறை அளந்தார். புது ஃபியூஸைச் செருகினார். காகிதம் சுற்றாத, சாதாரணமான 5 ஆம்ப். பிளக்கைச் செருகப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

ஐந்து வரை பேரன் எண்ணினான். அப்புறம் அவனும் நிறுத்திவிட்டான். ஆறு. ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளிதான். அந்தச் சிவப்புக் கண் ஏழாவது தடவை சிமிட்டியது. உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். ஆரஞ்சு நிறத்தில் எண்கள் வரிசையாகப் பூத்தன. குண்டு உருண்டு வந்து ஸ்பிரிங்குக்கு முன்னால் நின்றது.

ஆட்டம் என்னவோ மோசம்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு வழக்கம் விட்டுப்போயிருந்தது. மூன்று குண்டும் சீக்கிரமே நடுவில் விழுந்துவிட்டன. பேரன் அதைவிட மோசம். ரேடியோக்காரர் ஆடவில்லை. மகன் எங்கோ படித்திருந்தான், டிஸ்ப்ளேக்கு 190-க்குப் பதில் 170 வோல்ட் கொடுத்தாலும் எரியும், ஆயுளும் கூடும் என்று. அதற்கான திருகை அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே சிறு ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார், ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

பக்கத்து வீட்டுக்காரர் பர்ஸைத் திறந்தபோது மகன் பாய்ந்து வந்து தடுத்தான். விசிட்டர் விசாவில் வந்தவர் காசு வாங்கி வேலை செய்யக் கூடாது. "டீக்குன்னு வச்சுக்கிட்டா?" என்று ரேடியோக்காரர் விளையாட்டாகக் கேட்டார். மகன் முறைத்தான்.

28-ஆம் தேதி மில்வாக்கியிலிருந்து மகள் வேனோடு வந்தாள். படப்பெட்டியை மடக்கிக் கட்டுவதற்கு முன், ரேடியோக்காரர் ஒரு பென்சில் கேட்டார். கடை வைத்திருந்த காலத்தில் எந்த ரேடியோவைச் சரிசெய்தாலும் உள்பக்கம் தேதியும் செய்த வேலையும் எழுதுவார். அடுத்தமுறை திறப்பவருக்கு உபயோகம். இந்தப் பெட்டியின் உள்மரத்திலும் மதுக்கடைக் காலத்து மெக்கானிக் யாரோ தேதியும் என்னவோ குறிப்பும் கிறுக்கியிருந்தார். அதற்குக் கீழே தேதி போட்டு, இரண்டு வரி தமிழில் எழுதினார்.

"அதை யாருப்பா படிக்கப் போறாங்க?" என்றான் மகன்.

அதுவும் சரிதான் என்று பக்கத்தில் 5, 43, 170 என்று எண்களையும் எழுதினார். மகள் குனிந்து பார்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். பேரன் தாத்தாவின் கையெழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, ஆங்கிலத்தில் சொன்னான்.

"ஃபியூஸ் 5 ஆம்ப் மட்டும். மிட்டாய்க் காகிதம் சுற்றாதீர்கள்."

மகள் திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் வேனின் கதவைத் திறப்பதில் மும்முரமாக இருந்தார்.